மஞ்சள் கடுதாசி கொடுத்தவள் சொல்கிறேன்

கம்பைநல்லூர் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. நான்கு மிஷின், ஓர் ஓவர்லாக், சம்பளத்துக்கு இரண்டு பெண்கள். பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில் யூனிஃபார்ம் தைத்துத் தீராமல் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் விளக்கு எரியும். இப்போது வீட்டுத் திண்ணையில் இரண்டு மிஷினோடு தைக்கிறேன். நடுவில் நடந்ததை ஊர் ஒரே வரியில் சொல்லிவிடும்: "அவளா, மஞ்சக் கடுதாசி குடுத்தவ."

ஆமாம், கொடுத்தேன். 2022 மார்ச்சில், வக்கீல் வைக்காமல், நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, சப் கோர்ட்டில் ஐ.பி., அதாவது நொடிப்பு மனு, கொடுத்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. சொல்லாமல் இருந்தால்தான் தப்பு என்று இப்போது நினைக்கிறேன். கடன் முற்றிய வீட்டுப் பெண்கள் ரவிக்கைத் துணி கொடுக்கிற சாக்கில் என் திண்ணைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அதுக்கு மொதல்ல என்னக்கா பண்ணணும்?" என்று கேட்கிறார்கள். மாதத்துக்கு ஒருத்தராவது வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

எப்படிக் கடன் வந்தது என்று கேட்பவர்கள் முகத்தில், ஏதோ ஆடம்பரம் செய்திருப்பாள் என்ற எண்ணம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் டாடா ஏஸ் ஓட்டினார். தக்காளி, மரவள்ளிக் கிழங்கு, எது கிடைத்தாலும் ஏற்றுவார். 2018-ல் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. டயாலிசிஸ் காப்பீட்டில் நடந்தது. ஆனால் வாரத்துக்கு இரண்டு தரம் சேலம் போய் வருகிற செலவு, வெளியில் வாங்கும் ஊசி மருந்து, அவர் ஓட்டாத வண்டிக்குத் தவணை, இவற்றைக் காப்பீடு கட்டாது. அதற்கு முந்தைய வருஷம்தான் அறுபது சென்ட் மேட்டு நிலத்தில் போர் போட்டோம். தொள்ளாயிரம் அடியில் புகைதான் வந்தது. தள்ளி ஒன்று போட்டோம், அதிலும் புழுதி. எங்கள் தருமபுரி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளின் கடன் நிலத்துக்கு அடியில்தான் கிடக்கிறது. பிறகு 2020 மார்ச்சில் ஊரடங்கு. பள்ளிக்கூடம் இல்லை, யூனிஃபார்ம் இல்லை, கல்யாணம் இல்லை, ரவிக்கை இல்லை. அந்த நவம்பரில் அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்த பதினேழாம் நாள் ஒருவர் புரோநோட்டின் ஜெராக்ஸோடு வந்து நின்றார். அதில் என் கையெழுத்தும் இருந்தது.

அவர் வழக்குப் போட்டபோது வந்த சம்மனை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன். பிரிக்காவிட்டால் நடக்காது என்று நினைத்திருக்கிறேன் போல. நான் வராமலே டிக்ரி ஆனது. அடுத்த வருஷம் நிலம் ஜப்தி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்: கோர்ட்டிலிருந்து வருகிற கவரைப் பிரியுங்கள். தேதியைப் பாருங்கள். அன்றைக்குப் போய் நில்லுங்கள். வக்கீல் இல்லாவிட்டாலும் நீதிபதி முன்னால் நின்று "ஐயா, என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது" என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு.

ஐ.பி. என்கிற யோசனையைச் சொன்னவர் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற அமீனா. முப்பது வருஷத்துக்கு மேல் வீடு வீடாக ஜப்திக்குப் போனவர். எனக்கு அவர் தாத்தா முறை. ஜப்தி நோட்டீஸ் ஒட்டிய அன்று சாயங்காலம் வந்து உட்கார்ந்தார்.

"அழுவாத தாயி. நான் எத்தன வூட்டுல சாமான் எடுத்திருக்கேன்னு கணக்கே இல்ல. ஆனா தாலிய எடுத்ததில்ல, தையல் மிஷின எடுத்ததில்ல, வெதச் சோளத்த எடுத்ததில்ல. எடுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு."

அவர் சொன்னது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு. உடுத்துகிற துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, கைத்தொழில் செய்பவரின் கருவி, உழவருடைய ஏர் சாமான், அவருக்குத் தேவையான மாடு, விதை, அவர் குடியிருக்கும் வீடு, இவை ஜப்தியில் சேராது. அன்றுவரைக்கும் என் வீட்டில் எல்லாமே போய்விடும், நானும் மகளும் தெருவில் நிற்போம் என்றுதான் நினைத்திருந்தேன். எது போகும், எது போகாது என்று தெரிந்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன். பயத்தில் பாதி, விவரம் தெரியாத பயம்.

தாத்தா இன்னொன்றும் சொன்னார். பணம் கட்டாத கடனுக்காக ஒருவரைக் கைது செய்து கோர்ட்டில் நிறுத்தினால், "நொடித்தவர் என்று அறிவிக்கக் கோரி மனுப் போடலாம்" என்று அவரிடம் கோர்ட்டே சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு அப்படித்தான் விதிக்கிறது. பணம் கட்டச் சொல்லும் டிக்ரிக்காகப் பெண்ணைக் கைது செய்யவே முடியாது. ஆணாக இருந்தாலும், கையில் காசில்லாத நேர்மையான கடன்காரரைச் சிறையில் அடைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980-லேயே உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார். இதெல்லாம் என் புருஷனுக்குத் தெரியாது. "ஜெயில்ல போட்டுருவாங்களா?" என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இந்த நொடிப்பு மனுவுக்குச் சென்னை நகரத்தில் 1909-ஆம் வருஷச் சட்டம். நம்மைப் போல வெளியூர்க்காரர்களுக்கு 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் இன்றும் உயிரோடு இருக்கிறது. மனுப் போடத் தகுதி என்ன? கடனைக் கட்ட வகையில்லை என்பது முதல். அதோடு, கடன் ஐந்நூறு ரூபாய் இருக்க வேண்டும், அல்லது டிக்ரிக்காகக் கைதாகியிருக்க வேண்டும், அல்லது சொத்து ஜப்தியில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று போதும். ஐந்நூறு ரூபாய் அன்றைக்கு ஒரு குடும்பத்தின் சொத்து. இன்றைக்கு ஒரு ரவிக்கைக்கு ஆரி வேலை செய்ய அது பற்றாது.

சரி, முதலில் என்ன செய்வது? கோர்ட்டுக்குப் போகாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்.

நான் மூன்று ராத்திரி எழுதினேன். யாருக்குக் கடன், அவர் அப்பா பெயர், ஊர், கதவு எண், எப்போது வாங்கினது, எவ்வளவு வாங்கினது, எவ்வளவு கட்டினது, கடைசியாகக் கட்டிய தேதி, எழுத்து இருக்கிறதா வாய்ப்பேச்சா, ஜாமீன் யார். முதல் ராத்திரி ஏழு பேர் எழுதினேன். இரண்டாம் ராத்திரி மருந்துக்கடை பாக்கியும் லைனிங் துணி வாங்கிய கடைப் பாக்கியும் நினைவுக்கு வந்தது. மூன்றாம் ராத்திரி தம்பியிடம் வாங்கிய கைமாற்று நாற்பதாயிரத்தையும், பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கிய ஐயாயிரத்தையும் எழுதினேன். இந்தக் கடைசி இரண்டையும் எழுதத்தான் கை வரவில்லை. வட்டிக்காரரை எழுதுவது சுலபம். நம்பிக் கொடுத்தவர் பெயரை எழுதும்போதுதான் கடன் என்பது என்ன என்று புரிகிறது. மொத்தம் பதினொரு பேர், 5,60,700 ரூபாய்.

இந்தக் கணக்கை உங்களுக்காக எந்த வக்கீலும் எழுத முடியாது. ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் குமாஸ்தா உங்களிடம்தான் கேட்பார். மனுவில் பாதிக்கு மேல் இந்த நோட்டுதான்.

மறுபக்கம் உங்களுக்கு உள்ளதை எழுத வேண்டும். நிலம், வீடு, வண்டி, நகை, வங்கியில் கிடக்கிற காசு, உங்களுக்கு வர வேண்டிய பாக்கி, எல்லாவற்றையும் இன்றைய மதிப்போடு எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் ஆலோசனை சொல்ல ஆள் வருவார்கள். எனக்கும் வந்தார்கள். "நெலத்த மொதல்ல பொண்ணு பேருக்கு மாத்திடு, ஆறு மாசம் கழிச்சு மஞ்ச நோட்டீஸ் குடு" என்றார் ஒருவர். நல்லது நினைத்துத்தான் சொன்னார். நான் செய்யவில்லை. செய்திருந்தால் மாட்டியிருப்பேன்: நொடிப்பு மனுக் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் விலை பெறாமல் மாற்றிய சொத்தைத் திரும்பப் பிடுங்க சட்டத்தில் வழி இருக்கிறது. கணக்கை மறைத்தால், சொத்தை ஒளித்தால் ஒரு வருஷம் வரைக்கும் சிறை. ஒருவருக்கு மட்டும் ரகசியமாகக் கடனை அடைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கையை விரிப்பதும் செல்லாது.

மஞ்சள் கடுதாசி என்பது வசவாக மாறியதற்குக் காரணமே இப்படிச் செய்தவர்கள்தான். சீட்டுப் பணத்தைச் சுருட்டியவர்கள், மாமனார் பேரில் மாடிவீடு கட்டிவிட்டு ஐ.பி. கொடுத்தவர்கள். அவர்கள் கொடுத்ததும் அதே தாள், நான் கொடுத்ததும் அதே தாள். ஊருக்கு வித்தியாசம் தெரியவில்லை. சட்டத்துக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சட்டமே இருக்கிறது.

மனுவை எங்கே கொடுப்பது? நீங்கள் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற இடத்துக்கு அதிகாரமுள்ள கோர்ட்டில். சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்துக்கு உரிய அதிகாரம். நம் ஊர்ப்பக்கம் சப் கோர்ட்டுகள் விசாரிக்கின்றன. தமிழிலேயே எழுதலாம். மனுவில் இருக்க வேண்டியவை: கடனைக் கட்ட இயலவில்லை என்ற உறுதி, எங்கே குடியிருக்கிறீர்கள், ஜப்தியோ கைதோ இருந்தால் எந்தக் கோர்ட், கடன் கொடுத்தவர்கள் பட்டியல் முகவரியோடு, சொத்துப் பட்டியல் மதிப்போடு, சொத்தை கோர்ட் வசம் ஒப்படைக்கச் சம்மதம், இதற்கு முன் இப்படி மனுப் போட்டதுண்டா இல்லையா. அவ்வளவுதான். என் மகள் அப்போது பி.காம். இரண்டாம் வருஷம். சட்டப் புத்தகத்தின் 13-ஆம் பிரிவை அவள் வாசிக்க, நான் ஒவ்வொன்றுக்கும் நேராக டிக் போட்டேன். எங்களுக்குக் கிடைத்த மாதிரி மனு ஆங்கிலத்தில்தான் இருந்தது.

முதல் தடவை திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கு அப்பா பெயர் இல்லை. சரி செய்து கொண்டுபோனேன். இரண்டாம் தடவை, நிலத்தின் மதிப்புக்கு ஆதாரம் இல்லை என்றார்கள். மூன்றாம் தடவை, எதிர்மனுதாரர் எண்ணிக்கைக்குத் தக்க நகல் இல்லை. மூன்றாவது தரம் திரும்பி வந்தபோது மொரப்பூர் பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன். தாத்தாதான் சொன்னார்: "திருப்பிக் குடுக்கறது தள்ளுபடி இல்ல தாயி. அளவு தப்பா இருக்குன்னு ரவிக்கையத் திருப்பிக் குடுக்கறாங்கல்ல, அது மாதிரி. பிரிச்சுத் தைச்சுக் குடு." நான்காம் தரம் கோர்ட் மனுவை ஏற்று நம்பர் கொடுத்தது.

ஒரு எச்சரிக்கை. மனுவைக் கொடுத்துவிட்டு வேண்டாம் என்று நம் இஷ்டத்துக்குத் திரும்ப வாங்க முடியாது, கோர்ட் அனுமதி வேண்டும். ஆகவே எதிராளியைப் பயமுறுத்துவதற்காக இதைக் கையில் எடுக்காதீர்கள். மனுக் கொடுத்த மறுநாளே எல்லாம் நின்றுவிடும் என்றும் நினைக்காதீர்கள். நொடித்தவர் என்று கோர்ட் அறிவித்த பிறகுதான் கோர்ட் அனுமதி இல்லாமல் யாரும் உங்கள் மேல் புதிதாக வழக்குப் போடவோ சொத்தைத் தொடவோ முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நகையை அடகு வைத்திருந்தால், பத்திரத்தை ஈடு கொடுத்திருந்தால், அந்த ஈட்டின் மேல் கடன் கொடுத்தவருக்கு உள்ள உரிமை அப்படியே இருக்கும். செக் திரும்பிய வழக்கு குற்ற வழக்கு. இந்த மனு அதை நிறுத்தாது. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கியும், மோசடி செய்து வாங்கிய கடனும் கடைசியில் விடுவிப்பு கிடைத்தாலும் தீராது.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று. எனக்கு அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் விடுபட்டாலும் எனக்கு ஜாமீன் போட்டவர் விடுபட மாட்டார். ஒன்றரை லட்சம் புரோநோட்டில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் என் தம்பி. எனக்குக் கைமாற்றுக் கொடுத்தவனும் அவன்தான். என்னை நொடித்தவள் என்று அறிவித்த மாதம், வட்டிக்காரர் அவன் வீட்டு வாசலில் போய் நின்றார். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீதியை அவன் கட்டினான். மனுப் போடுவதற்கு முன்னால் அவனிடம் போய் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அது ஒன்றுதான் இந்த நான்கு வருஷத்தில் நான் செய்த தப்பு என்று நினைக்கிறேன். இப்போது மாதம் இரண்டாயிரம் அவனுக்கு அனுப்புகிறேன். எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை, அனுப்புகிறேன்.

2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. நிலம் கோர்ட்டின் ரிசீவர் வசம் போனது. இரண்டு மிஷினை என் பிழைப்புக் கருவி என்று விட்டார்கள். மற்ற இரண்டும் ஓவர்லாக்கும் விற்பனையில் சேர்ந்தன. கழுத்தில் தாலி இல்லாத எனக்கு நகை பற்றிய விலக்கு உதவவில்லை. நிலத்தை ஏலத்தில் எடுத்தவர் பக்கத்துக் காட்டுக்காரர். செலவு போகக் கடன் கொடுத்தவர்களுக்கு ரூபாய்க்கு 54 பைசா வந்தது. அறுபது சென்ட் போயிற்றே என்று சொந்தக்காரர்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எட்டணாவுக்கு மேல் எல்லோருக்கும் கிடைத்தது என்பதுதான் மனதில் நின்றது. சட்டமும் அந்த எட்டணாவைத்தான் பார்க்கிறது: ரூபாய்க்கு ஐம்பது பைசாவாவது கொடுக்க முடிந்ததா, முடியாவிட்டால் அதற்கு உங்கள் கையை மீறிய காரணம் உண்டா என்று விடுவிப்புக் கேட்கும்போது கோர்ட் பார்க்கும்.

அந்த விடுவிப்பை நாமேதான், கோர்ட் கொடுத்த கெடுவுக்குள், கேட்க வேண்டும். நிறையப் பேர் ஐ.பி. ஆனதோடு நின்றுவிடுகிறார்கள். கெடு தாண்டினால் அறிவிப்பே ரத்தாகிவிடும், பாதிக் கிணறு தாண்டிய கதை. எனக்கு 2025 பிப்ரவரியில் விடுவிப்பு கிடைத்தது. நடுவில் இருந்த இரண்டு வருஷமும் ஐம்பது ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினால் "நான் நொடித்தவள்" என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். 1920-ல் எழுதிய ஐம்பது ரூபாய். நூல்கண்டு வாங்கும் கடையில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சொன்னீங்கல்ல, அது போதும்மா" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார்.

இந்த ஐம்பது ரூபாய், ஐந்நூறு ரூபாய்களை மாற்ற 2016-ல் நாடாளுமன்றம் ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தது. நொடிப்பு, திவால் பற்றிய அந்தச் சட்டத்தில் கம்பெனிகளுக்கான பாகம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய பெரிய ஆலைகளின் கடனில் பாதிக்கு மேல் தள்ளுபடி ஆவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம், அந்த முதலாளிகளை யாரும் மஞ்சக் கடுதாசி என்று ஏசுவதில்லை. தனி ஆட்களுக்கான மூன்றாம் பாகம் 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் அமலுக்கு வந்தது. தையல்காரிக்கும் தக்காளி வியாபாரிக்கும் இன்றுவரை வரவில்லை.

வந்தாலும் என்ன கிடைக்கும் என்று என் மகள் படித்துச் சொன்னாள். ஏழைக் கடனாளியின் சிறு கடனைத் துடைத்துப் புதிதாகத் தொடங்க விடுகிற ஓர் ஏற்பாடு அதில் இருக்கிறது. நல்ல எண்ணம். ஆனால் வருஷ வருமானம் அறுபதாயிரத்துக்குள், சொத்து இருபதாயிரத்துக்குள், கடன் முப்பத்தைந்தாயிரத்துக்குள் இருக்க வேண்டும், சொந்த வீடு கூடாது. என் திண்ணைக்கு வந்து கேட்ட பெண்களில் ஒருத்தர்கூட இந்த வாசலில் நுழைய முடியாது. இரண்டு குழுக் கடன் வாங்கினாலே முப்பத்தைந்தாயிரம் தாண்டிவிடும். இங்கிலாந்தில் இதே மாதிரி ஏற்பாடு 2009-ல் வந்தது. 2024-ல் அதற்கான கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள், கடன் வரம்பை ஐம்பதாயிரம் பவுண்டாக உயர்த்தினார்கள். நாம் எழுதிய வரம்பை அமல்படுத்தாமலே பழசாக்கிவிட்டோம்.

இன்னொன்று அதைவிட எனக்குக் கவலை. புதிய சட்டப்படி தனி ஆள் மனுவெல்லாம் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் அது இருப்பது சென்னை, கோவை, மதுரை. மூன்று தரம் மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு நான் பஸ்ஸில் வந்தது பக்கத்து ஊரிலிருந்து. அதற்கே ஒவ்வொரு தரமும் ஒருநாள் தையல் கூலி போனது. மதுரைக்கும் கோவைக்கும் போய் வர முடிகிறவளுக்குத் திவால் மனு எதற்கு? சிறு கடனாளியின் மனுவைச் சப் கோர்ட்டை விட்டு எடுக்கக் கூடாது. இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.

நமக்கு இதெல்லாம் புதிது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1938-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. வாங்கிய அசலுக்கு இரண்டு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் அந்தக் கடன் தீர்ந்தது என்று அந்தச் சட்டம் சொன்னது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அன்றைய சேலம் மாவட்டம்; நாங்களும் 1965-ல் தருமபுரி பிரியும்வரை அதே மாவட்டம்தான். தாத்தாவின் அப்பா அந்தச் சட்டத்தில்தான் தன் பத்திரத்தைத் திரும்ப வாங்கினாராம். எண்பது வருஷத்துக்கும் முன்னால் ஒரு மழை பொய்த்த ஜில்லாவின் கஷ்டம் சட்டசபைக்குத் தெரிந்திருக்கிறது.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே இருந்தும், 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீக்குளித்தார். அந்தப் படத்தை டிவியில் பார்த்த அன்று என் வீட்டுக்காரர் சோறு சாப்பிடவில்லை. அப்போது எங்களுக்கும் கடன் தொடங்கியிருந்தது.

அரசாங்கத்திடம் நான் கேட்பது மூன்று பக்கத் தாள். சப் கோர்ட் வாசலிலும் தாலுகா சட்டப் பணிகள் குழுவிலும் தமிழில் அச்சடித்த ஐ.பி. படிவம் வையுங்கள். கடன் கொடுத்தவர் பெயர், அப்பா பெயர், முகவரி, தொகை என்று கட்டம் போட்டு, என்னென்ன இணைக்க வேண்டும் என்று கீழே அச்சடித்து, எத்தனை நகல் என்று எழுதி வையுங்கள். ரேஷன் கார்டுக்குப் படிவம் இருக்கிறது, முதியோர் பணத்துக்குப் படிவம் இருக்கிறது. அது இருந்திருந்தால் நான் நான்கு தரம் அலைந்திருக்க மாட்டேன்.

படிப்பவர்களுக்கு: குழுக் கடன் வசூலுக்குக் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் உங்களை அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி, வாசலில் நிற்பவரிடம் அதைச் சொல்லுங்கள். உயிரை விடலாமா என்று தோன்றுகிற ராத்திரி 104-க்குப் போன் செய்யுங்கள். விடிந்ததும் அந்த நாற்பது பக்க நோட்டை எடுங்கள். தனியாகத் தொடங்க முடியும், நான் தொடங்கினேன். ஆனால் தனியாகவே முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இலவசச் சட்ட உதவிக்கான எண் 15100. பெண்களுக்கு அதில் வருமான வரம்பு கிடையாது.